இழுப்பறையில் கழியும் ஆண்டுகள்

அமெரிக்காவில் முதல் கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர் கையில் அதிகப் பணமும் இல்லாதவராக இருந்தால், துப்பாக்கிப் பழக்கம் உள்ளவர்கள் அவருக்கு வெகுகாலமாகச் சொல்லிவரும் யோசனை ஒன்று உண்டு: போலீஸ்காரர்கள் இடுப்பில் கிடந்து கழிக்கப்பட்ட பழைய .38 ரிவால்வர் ஒன்றைத் தேடிப் பிடி. பெரும்பாலும் அது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ஆக இருக்கும். 1899-இல் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்ற பெயரில் வந்து, 60 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட சாதாரணத் துப்பாக்கி அது. 1986 ஏப்ரலில் மயாமி நகரில் இரண்டு கொள்ளையரோடு நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. தன் ஆட்கள் இருவரைப் பறிகொடுத்தது. பலரிடம் ஆறு தோட்டா ரிவால்வர்கள்தான் இருந்தன. அந்தச் சம்பவமும் அதையொட்டி எழுந்த விவாதமும் நாடெங்கும் போலீஸ் துறைகளை அதிகத் தோட்டா கொள்ளும் பிஸ்டல்களுக்கு வேகமாகத் தள்ளின. கழிக்கப்பட்ட ரிவால்வர்கள் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்து, சில நூறு டாலருக்குக் கிடைத்தன. வாங்கப் போகிறவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்கும் ஒரு மரபே உருவாகியிருக்கிறது. உருளை ஆடுகிறதா, குழலுக்கும் உருளைக்கும் நடுவே இடைவெளி மிகுந்திருக்கிறதா, ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக வந்து நிற்கிறதா, குழலின் அடிவாயில் விரிசல் உண்டா என்று பார்க்கச் சொல்வார்கள். மேல்பூச்சு தேய்ந்திருந்தால் மட்டும் கவலைப்படாதே என்பார்கள். உறையில் போட்டு எடுத்து வெளியே தேய்ந்திருக்கும். உள்ளே உறுப்புகள் ஏறத்தாழப் புதிதாகவே இருக்கும். அதிகம் சுமக்கப்பட்டு, கொஞ்சமே சுடப்பட்டவை அவை.

இந்தக் கடைசிக் குறிப்பைச் சந்தை ஒரு நல்ல சேதியாகச் சொல்கிறது. அறம் பற்றி யோசிப்பவருக்கும் அதில் சேதி இருக்கிறது. ஆயுதமே தொழிலாக உள்ள ஒருவர் இருபது ஆண்டு சுமந்த துப்பாக்கிகூட, பயிற்சித் திடலை விட்டால், பெரும்பாலும் ஒருமுறையும் வெடிக்காமலே ஓய்வு பெறுகிறது. ஒரு கைத்துப்பாக்கியின் வாழ்நாள் என்பது ஏறக்குறைய முழுவதும் காத்திருப்புதான். சாதாரண வீட்டுக்காரரின் படுக்கையறை இழுப்பறைக்குப் போகும்போது அந்தக் காத்திருப்பு இன்னும் நீளமாகிறது. ஆனால் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்ற கேள்வியைச் சமயமும் தத்துவமும் எடுத்துக்கொள்ளும்போது, அவை ஏறக்குறைய எப்போதும் சுடும் அந்த ஒரு நொடியைப் பற்றியே பேசுகின்றன.

அந்த ஒரு நொடியைப் பற்றிய வாதம் வளமானது என்பதை மறுக்க முடியாது. புனித அகுஸ்தீன் தனிமனிதர் தன் உயிரைக் காக்கப் பிறர் உயிரை எடுப்பதை ஏற்கத் தயங்கினார். படைவீரனுக்கும் அரசு அதிகாரிக்கும் மட்டுமே அவர் விலக்குத் தந்தார். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த தாமஸ் அக்குவினாஸ் கதவைக் கொஞ்சம் திறந்தார். ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம். ஒன்றைத்தான் செய்பவர் நாடுகிறார், மற்றொன்று நாடாமலே விளைகிறது. தன் உயிரைக் காக்க நாடியவர் தேவைக்கு மிஞ்சாத பலத்தைப் பயன்படுத்தி, அதில் தாக்கியவர் இறந்தால், அது கொலைப்பாவம் ஆகாது என்றார். யாத்திராகமம் 22-ஆம் அதிகாரமோ இன்னும் நுட்பமானது: இரவில் கன்னமிட்டு நுழைந்தவனை அடித்துக் கொன்றால் இரத்தப்பழி இல்லை, சூரியன் உதித்தபின் என்றால் பழி உண்டு. இருட்டில் வந்தவனின் நோக்கத்தை அறிய வழியில்லை என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இன்றைய அமெரிக்கக் கிறிஸ்தவர்களுக்குள் இந்தச் சண்டை லூக்கா 22-ஆம் அதிகாரத்தின் மேல் நடக்கிறது. வாள் இல்லாதவன் மேலாடையை விற்றாவது ஒன்று வாங்கட்டும் என்று இயேசு சொன்னதை ஒரு தரப்பு காட்டுகிறது. அதே இரவில், வாளை உருவிய சீடனை அவர் தடுத்ததை மறுதரப்பு காட்டுகிறது. மேலாடையை விற்று ஆயுதம் வாங்குபவன், மலிவு விலையில் பழைய ரிவால்வர் தேடுபவனுக்கு மிக நெருங்கிய உறவினன் என்பதை இரு தரப்பும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த வாதங்களில் நான் அக்குவினாஸ் பக்கம். நள்ளிரவில் கதவை உடைத்து வருபவனைத் தடுக்க வேறு வழியே இல்லாதவர் சுட்டால், அவரைப் பாவி என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் இந்த முடிவு, ரிவால்வர் வாங்கலாமா என்ற கேள்விக்குப் பாதி விடைகூட ஆகாது. சுடுவது ஒரு செயல். வைத்திருப்பது இன்னொரு செயல். முன்னது ஒருவேளை நிகழாமலே போகலாம். பின்னது வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு நாளும், தூங்கும்போதும் ஊருக்குப் போயிருக்கும்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. முன்னதில் கை, நோக்கம், இலக்கு மூன்றும் உரிமையாளருடையவை. பின்னதில் கை யாருடையதாகவும் இருக்கலாம். இரட்டை விளைவுக் கோட்பாடு ஒருவரின் நோக்கத்தை நிறுத்துப் பார்க்கும் கருவி. இழுப்பறையில் கிடக்கும் பொருளுக்கு நோக்கம் கிடையாது. எடுப்பவரின் நோக்கமே அதன் நோக்கம்.

முதல் துப்பாக்கியாக ரிவால்வரைப் பரிந்துரைப்பவர்கள் சொல்லும் காரணங்களை இந்த வெளிச்சத்தில் மறுபடி படித்துப் பார்க்கலாம். மாகசீன் இல்லை, அதன் ஸ்பிரிங் தளருமோ என்ற கவலை இல்லை. வருடக்கணக்கில் தோட்டா நிரப்பி வைத்தாலும் எடுத்த உடனே வேலை செய்யும். நிமிர்த்தவோ தள்ளவோ பாதுகாப்புத் தாழ் கிடையாது. பதற்றத்தில் கை நடுங்கும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: விசையை அழுத்து. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி அழுத்தினால் அடுத்த அறை வந்து நிற்கும். அழுத்தம் மட்டும் கனமாக, ஐந்து கிலோவுக்கு முன்பின்னாக இருக்கும் என்பதால் தவறுதலாக வெடிப்பது குறைவு. இவை அனைத்தும் உண்மை. பயந்துபோன, அனுபவமில்லாத, நடுராத்திரியில் விழித்த மனிதருக்கு ஏற்றவை. ஆனால் பயந்தவருக்கு எளிதாக இருப்பது மனமுடைந்தவருக்கும் எளிதாகவே இருக்கும், குடித்துவிட்டு மனைவியோடு சண்டையிடுபவருக்கும் எளிதாகவே இருக்கும். விசையின் கனம் தவறுதலைத் தடுக்குமே தவிர, தீர்மானித்துவிட்ட கையைத் தடுக்காது. 2000-களின் தொடக்கத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் புதிய ரிவால்வர்களின் பக்கவாட்டில் சாவித்துளை ஒன்றை வைத்து உள்பூட்டு அமைத்தது. பழைய துப்பாக்கிச் சந்தையில் அந்தத் துளை இல்லாத முந்தைய மாடல்களைத்தான் பலர் தேடுகிறார்கள். அவசரத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளுமோ என்ற அச்சம் ஒரு காரணம், அழகைக் கெடுக்கிறது என்பது இன்னொன்று. நியாயமான காரணங்களாகவே இருக்கட்டும். சந்தை எதற்கு விலை வைத்திருக்கிறது என்பதை அந்தத் துளை காட்டிவிடுகிறது.

இதெல்லாம் கற்பனையான அச்சம் இல்லை என்பதற்கு அளவெடுத்த சான்று இருக்கிறது. கலிஃபோர்னியாவில் கைத்துப்பாக்கி விற்பனைகள் பதிவாகின்றன. அந்தப் பதிவுகளை இறப்புப் பதிவுகளோடு இணைத்து, 2 கோடியே 63 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருந்தவர்களை விட்டுவிட்டு, முதல் கைத்துப்பாக்கியை வாங்கியவர்களையே அது கவனித்தது. துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம், வாங்காத ஆண்களோடு ஒப்பிட, வாங்கிய ஆண்களுக்கு ஏறத்தாழ 8 மடங்கு. பெண்களுக்கு 35 மடங்கு. 2022-இல் அதே குழு, துப்பாக்கி வாங்காமல் வாங்கியவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களைப் பார்த்தது. அவர்கள் கொலையுண்ட விகிதம் துப்பாக்கி இல்லாத வீடுகளைவிட இரு மடங்குக்கும் மேல். கணவன், மனைவி அல்லது துணையின் கையால் சுடப்பட்டு இறக்கும் விகிதம் ஏழு மடங்குக்கும் மேல். அப்படி இறந்தவர்களில் பெரும்பான்மையர் பெண்கள். வெளியாளிடமிருந்து துப்பாக்கி அவர்களைக் காத்தது என்பதற்கு அந்த ஆய்வில் தடயம் கிடைக்கவில்லை. நாடு முழுவதற்குமான கணக்கும் ஒத்துப் போகிறது. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,000-க்கும் மேற்பட்டோரில் 26,000-க்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். இருட்டில் வரும் அந்நியனைப் பற்றியே வாதிட்டுக்கொண்டிருக்கும்போது, இந்தப் பாதிக்கும் மேலான சாவுகள் அறவிவாதத்தின் கண்ணிலிருந்து தப்பிவிடுகின்றன.

வைத்திருப்பதைப் பற்றிச் சமயங்கள் பேசவே இல்லை என்று சொன்னால் அது தவறு. பேசியிருக்கின்றன, வேறோர் இடத்தில். உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனம் புது வீடு கட்டுகிறவருக்கு ஒரு கட்டளை தருகிறது. மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பு. இல்லாவிட்டால் யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின் மேல் வரும். விழுகிறவர் தன் கவனக்குறைவால்தான் விழுகிறார், வீட்டுக்காரர் அவரைத் தள்ளவில்லை. ஆனாலும் பழி வீட்டுக்கு. யூத மரபு இந்த ஒற்றை வசனத்திலிருந்து ஒரு பெரிய சட்டத்தை எடுத்தது. கடிக்கிற நாயையும் ஆட்டம் கண்ட ஏணியையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதற்குத் தால்முதில் ரப்பி நாத்தான் இதையே ஆதாரமாகக் காட்டுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் உயிருக்கு ஆபத்தான எல்லாப் பொருளுக்கும் இதை விரித்தார். ஏணி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நாயே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பயனுள்ள ஒன்றை வைத்திருக்கும் உரிமையோடு, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பும் கடமையும் சேர்ந்தே வருகிறது. கன்னமிடும் திருடனைப் பற்றிய வசனமும் மாடிச் சுவரைப் பற்றிய வசனமும் ஒரே தோராவின் இரண்டு புத்தகங்களில் இருக்கின்றன. துப்பாக்கி விவாதத்தில் முதலாவது அடிக்கடி கேட்கிறது, இரண்டாவது அரிதாகவே கேட்கிறது.

சமணத்தில் இந்தப் பிரிவு இன்னும் தெளிவாக இருப்பது வியப்பூட்டும். கொல்லாமையில் யாரைவிடவும் கண்டிப்பான மரபு அது; ஆனாலும் இல்லறத்தாருக்கு, தாக்குபவனை எதிர்க்கும்போது நேரும் ‘விரோதி ஹிம்சை’யை அது வேண்டுமென்றே செய்யும் கொலையிலிருந்து பிரித்து வைத்தது. இல்லறத்தான் தன்னைக் காத்துக்கொள்ள நேர்வதை அது புரிந்துகொண்டது. அதே சமயம், சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் பயனின்றிச் செய்யும் தீமைகள் ஐந்தில் ஒன்றாக ‘ஹிம்சாதான’த்தை வைக்கிறது. கோடரி, வாள், மண்வெட்டி, தீ, விஷம், சங்கிலி போன்ற கொல்லும் கருவிகளைப் பிறர் கைக்குப் போகவிடுவது அது. கருவியைத் தந்தவர் கொல்லவில்லை, கொல்லும் எண்ணமும் அவரிடம் இல்லை. ஆனாலும் கணக்கில் அவர் பெயர் ஏறுகிறது. எதிர்க்கும் கையை மன்னித்த மரபே, கருவி கைமாறும் வழியைத் தனியாகக் காவல் காத்தது. பூட்டாத இழுப்பறையில் தோட்டாவோடு கிடக்கும் ரிவால்வர், வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஏற்கெனவே தரப்பட்டுவிட்ட கருவிதான்.

இதற்கு எதிராக வரும் வாதங்களில் முதலாவது, புள்ளிவிவரத்தைப் பற்றியது. சாக முடிவெடுத்தவர்கள்தான் துப்பாக்கி வாங்குகிறார்கள், துப்பாக்கி அவர்களைச் சாகடிக்கவில்லை என்பார்கள். ஓரளவு உண்மை: கலிஃபோர்னிய ஆய்விலேயே, வாங்கிய முதல் சில வாரங்களில்தான் அபாயம் உச்சத்தில் இருந்தது. ஆனால் அதே ஆய்வில், துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட உரிமையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தது வாங்கி ஓராண்டு கழிந்தபின். வாங்கும்போது இல்லாத துயரம் பிறகு வந்தது. வந்தபோது கருவி கையெட்டும் தூரத்தில் இருந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. துயரம் கடந்துபோகிறது. துப்பாக்கி பெரும்பாலும் அந்தக் கடந்துபோதலுக்கு இடம் தருவதில்லை. ‘இதெல்லாம் சராசரி, என் வீடு அப்படியில்லை’ என்பது இந்த வாதத்தின் இன்னொரு வடிவம். இதை அற்பமாகத் தள்ளிவிட முடியாது. தனியாக வாழும், மனநலம் திடமான ஒரு முதியவரின் வீடு உண்மையிலேயே அப்படியில்லைதான். ஆனால் இப்படிச் சொல்பவர் தன் வீட்டை இன்றைய நிலையில் வைத்துச் சொல்கிறார். மாடல் 10 இன்னும் ஐம்பது ஆண்டு உழைக்கும். மகன் பதினாறு வயதைத் தொடுவான், வேலை போகும், மணவாழ்க்கை முறியும். மாடிச் சுவரும் இன்று மாடியில் நிற்பவரை மட்டும் எண்ணிக் கட்டப்படுவதில்லை.

இரண்டாவது எதிர்வாதம்தான் என்னை அதிகம் தயங்க வைப்பது. காவலாளி வைத்த குடியிருப்பில் வாழ்பவர் அறம் பேசலாம். போலீஸ் வர அரைமணி ஆகும் தெருவில் வாழ்பவர் என்ன செய்வார்? 2005-இல் கொலராடோவின் காசில் ராக் வழக்கில், நீதிமன்றத் தடையாணை பெற்றிருந்த ஒரு தாய்க்குக்கூட அதைப் போலீஸ் அமல்படுத்தியே தீர வேண்டும் என்று கோரும் அரசியலமைப்பு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2010-இல் சிகாகோவின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்து வென்ற ஓடிஸ் மெக்டொனால்ட், வீட்டில் திருட்டுப் போன, வயது முதிர்ந்த கறுப்பினத் தொழிலாளி. மலிவான துப்பாக்கியை மட்டும் குறிவைக்கும் சட்டங்கள் ஏழையின் பாதுகாப்பை மட்டும் பறிக்கின்றன என்ற குற்றச்சாட்டிலும் சாரம் உண்டு. இருநூறு டாலர் ரிவால்வரை இழிவாகவும் இரண்டாயிரம் டாலர் பிஸ்டலைப் பொழுதுபோக்காகவும் பார்ப்பது அறமாகாது. ஆபத்து உண்மையானதாக, அருகில் இருப்பதாக, வேறு துணை இல்லாததாக இருக்கும்போது வாங்குபவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆபத்து எவ்வளவு உண்மையோ, சுவரின் தேவையும் அவ்வளவு உண்மை. வறுமை துயரத்தைக் குறைப்பதில்லை. தற்காப்புக்குத் துப்பாக்கி எத்தனை முறை உதவுகிறது என்ற கணக்கிலும் தெளிவில்லை. 1995-இல் வந்த ஒரு தொலைபேசி ஆய்வு ஆண்டுக்கு 25 லட்சம் முறை என்றது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோரிடம் அரசு நடத்தும் ஆய்வோ ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் அல்லது அதற்கும் குறைவு என்கிறது. இவ்வளவு அகன்ற இடைவெளியில் நின்றுகொண்டு யாரும் உறுதியாகப் பேச முடியாது. மார்ட்டின் லூதர் கிங்கை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1956 ஜனவரியில் மாண்ட்கமரியில் வீட்டில் குண்டு வெடித்தபின் அவர் துப்பாக்கி ஏந்த உரிமம் கேட்டார், மறுக்கப்பட்டது. பிறகு வீட்டில் இருந்த துப்பாக்கியையும் அகற்றினார். அது இருந்தபோதுதான் தனக்கு அச்சம் மிகுந்திருந்தது என்பது அவர் வாக்குமூலம். அது எல்லோருக்கும் விதியாகாது. அவரைப்போல் ஊரே காவல் இருக்கும் வீடு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

மூன்றாவது வாதம் சட்டத்தின் உச்சியிலிருந்து வருகிறது. பூட்டிய துப்பாக்கி வெறும் இரும்பு என்பது அதன் சுருக்கம். 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாஷிங்டன் நகரின் கைத்துப்பாக்கித் தடையோடு, வீட்டில் துப்பாக்கியைக் கழற்றியோ விசைப்பூட்டு இட்டோதான் வைக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தே நீக்கியது. தற்காப்பு என்ற நோக்கத்தையே அது முடக்குகிறது என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். அரசு எதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் பேச்சு. வீட்டுக்காரர் தாமாகச் செய்ய வேண்டியது எது என்பதை அது சொல்லவில்லை. சொல்ல நீதிமன்றத்துக்கு வேலையும் இல்லை. உரிமையின் எல்லையையே கடமையின் எல்லையாகவும் எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் மட்டுமல்ல, எங்கும் நடக்கும் குழப்பம். விரலால் எண் அழுத்தினால் சில நொடியில் திறக்கும் சிறு பெட்டகங்கள் இப்போது பழைய ரிவால்வரின் விலையைவிடக் குறைவாகவே கிடைக்கின்றன. அந்தச் சில நொடிகள்கூட அதிகம் என்பவர், முகம் தெரியாத திருடனுக்காக அந்த நொடிகளைச் சேமித்து, முகம் தெரிந்த மகனுக்கு அவற்றைத் தர மறுக்கிறார். மேலும், உரிமம் பெற்ற வணிகர் கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டோ பெட்டகமோ சேர்த்துத் தர வேண்டும் என்று 2005-லிருந்து கூட்டரசுச் சட்டம் சொல்கிறது. பல மாநிலங்களில் தனியாரிடமிருந்து பழைய துப்பாக்கி வாங்குபவருக்கு அந்தப் பூட்டும் வருவதில்லை, பின்னணிச் சோதனையும் நடப்பதில்லை. மலிவு விலையின் ஒரு பகுதி அங்கிருந்தும் வருகிறது.

ஆகவே ‘எந்த ரிவால்வர்’ என்று கேட்கும் முன் ‘யார் வாழும் வீட்டுக்கு’ என்று கேட்பதே வாங்குபவரின் முதல் கடமை என்று சொல்வேன். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை சில வீடுகளில் ‘வேண்டாம்’ என்றே இருக்கும், திருடன் உண்மையாகவே இருந்தாலும்கூட. வேறு சில வீடுகளில் ‘இப்போது வேண்டாம்’ என்றிருக்கும். விற்பவருக்கும் இதில் பங்கு உண்டு என்பதைத் துப்பாக்கி உலகமே ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2009-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு வாரத்துக்குள் மூன்று பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணிநேரத்தில் உயிரை முடித்துக்கொண்டார்கள். அதன்பின் கடைக்காரர்களும் பொதுநலப் பணியாளர்களும் கூடி, மனமுடைந்த வாடிக்கையாளரை அடையாளம் காணவும் விற்காமல் திருப்பியனுப்பவும் வழிமுறைகள் வகுத்தார்கள்; வேறு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. கஷ்டகாலத்தில் துப்பாக்கியை நண்பரிடம் கொடுத்து வை என்று அவர்கள் வாடிக்கையாளருக்குச் சொல்கிறார்கள். இங்கே சட்டம் ஒரு விசித்திரமான முட்டுக்கட்டை போடுகிறது. எல்லாக் கைமாற்றுக்கும் பின்னணிச் சோதனை கேட்கும் மாநிலங்களில், ஒரு மாதத்துக்குப் பக்கத்து வீட்டாரிடம் ரிவால்வரைக் கொடுத்து வைப்பதும் விற்பனையைப் போலவே எண்ணப்படலாம். சில மாநிலங்கள் இதற்கு விலக்குத் தந்துவிட்டன. மற்றவையும் தர வேண்டும். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வேண்டுவோரும் எதிர்ப்போரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்திடக்கூடிய திருத்தம் அது.